1600 வாட் என்று எழுதிய கார் ஆம்ப்ளிஃபயர் உண்மையில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது?

மேலூரில் வாடகைக் கார் ஓட்டும் என் சித்தப்பா மகன் ஒரு மாதத்தில் இரண்டாவது முறையாக அழகர்கோவிலில் வண்டி கிளம்பாமல் நின்றுபோனான். பழமுதிர்சோலைக்கும் போய்விட்டுத் திரும்பிய வெளியூர்ப் பயணிகளே இறங்கி வண்டியைத் தள்ளியிருக்கிறார்கள். மறுநாள் அவன் போய்ப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீசியன் பின்பக்க டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் மேல் அச்சிட்டிருந்த 1600 வாட் என்ற எழுத்தைக் காட்டி, இதற்கு 35 ஆம்பியர் பேட்டரி தாங்காது என்றும், 65 ஆம்பியர் பேட்டரியும் அதற்கேற்ற பெரிய ஆல்டர்னேட்டரும் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு ஏற்றும் கருவி) போட வேண்டும் என்றும் சொல்லியனுப்பிவிட்டார். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுப்போகலாமென்று பழங்காநத்தத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான்.

மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கார் ஸ்டீரியோவுக்கும் எனக்கும் பெரிய பழக்கம் இல்லையென்றாலும், ஒரு பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கை அப்படியே நம்பக்கூடாது என்பதைக் கிணற்று மோட்டார்களே எனக்குப் போதிய அளவு கற்றுக்கொடுத்திருக்கின்றன. 1600 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 133 ஆம்பியர் வருகிறது. அந்த வண்டியின் ஆல்டர்னேட்டரில் பொறித்திருக்கும் அளவே 70 ஆம்பியர்தான். பேட்டரியிலிருந்து டிக்கிவரை ஓடும் வயரோ என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. 133 ஆம்பியர் அந்த வயரில் ஓடியிருந்தால் பேட்டரி தீர்வதற்கு முன்பே வயர் உருகியிருக்கும். ஆகவே அந்த எண் பொய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உண்மையான எண் எது என்பதுதான் கேள்வி.

முதலில் எதையும் அளக்காமலே ஒரு மேல்வரம்பைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இரண்டு நீல நிறத் தகட்டு ஃப்யூஸ்கள் செருகப்பட்டிருந்தன. நீலம் என்றால் 15 ஆம்பியர். இரண்டும் இணையாக இருப்பதால் மொத்தம் 30. தயாரித்தவர் தன் பெட்டி தொடர்ந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுக்காது என்று நினைத்துத்தான் அந்த ஃப்யூஸைப் போட்டிருப்பார். இல்லையென்றால் வாங்கியவர்கள் எல்லோரும் வாரத்துக்கு ஒரு ஃப்யூஸ் மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் 30ஐப் பெருக்கினால் 414 வாட். இது உள்ளே போகும் மின்சாரம். ஏபி வகுப்பு (வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை எப்போதும் பாதி விழிப்பில் வைத்திருக்கும் வகை) ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் இயங்கும்போது உள்ளே போனதில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், மீதி அலுமினிய உடம்பில் சூடாகப் போகும். ஆகவே வெளியே வருவது 250 வாட்டுக்குள். நான்கு ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனி வழி, அதாவது நான்கு சேனல், உள்ள பெட்டி இது; நான்குக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 60 வாட் சொச்சம். டி வகுப்பு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்துக் கணக்குப் போட வேண்டும். கனமான உடம்பும், பாட்டே இல்லாமல் இருந்தாலும் வெதுவெதுப்பாக இருந்த மேல்தகடும் இது ஏபி வகுப்பு என்பதைச் சொல்லிவிட்டன. 1600 என்பது 250 ஆகிவிட்டது. ஆனாலும் இதுவும் மேல்வரம்புதான், அழகர்கோவிலில் நின்ற வண்டி எத்தனை இழுத்தது என்பதற்கு விடை ஆகாது.

அளக்கத் தொடங்கியதும் என் பட்டறைக் கருவிகளே எனக்கு முதல் பாடம் புகட்டின. வயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டரை மோட்டார் வேலைக்காக வைத்திருக்கிறேன். அதைப் பாசிட்டிவ் வயரில் மாட்டியபோது பாட்டு இல்லாத நேரத்தில் சுழியம் காட்டியது, பாட்டு ஓடும்போது 0.4, 1.1, 0.7 என்று துள்ளியது. அது பழுதில்லை. என்னுடைய மீட்டர் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் போலச் சுருள் வைத்தது. மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தை மட்டும்தான் உணரும். நேர்மின்னோட்டத்தில் எத்தனை ஆம்பியர் நிலையாக ஓடினாலும் அதற்குத் தெரியாது, பாட்டின் தாளத்துக்கேற்ப ஏறி இறங்கும் பகுதியை மட்டும் கொஞ்சம் காட்டும். நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேறு வகை, அதில் காந்தப் புலத்தை உணரும் ஹால் உணரி இருக்கும். வீட்டு மின் வேலைக்காக வாங்கிய கிளாம்பை வைத்துக் காரில் சுழியம் பார்த்துவிட்டு, ஒன்றும் இழுக்கவில்லை என்று முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு.

இரண்டாவது முயற்சியில் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனையை வயருக்கு நடுவே தொடராக வைத்தேன். பாட்டில்லாமல் 1.18 ஆம்பியர் என்று அழகாகக் காட்டியது. அந்தத் துணிச்சலில் முன்னாலுள்ள ஸ்டீரியோ செட்டில் பாட்டைப் போட்டு ஒலியைக் கூட்டச் சொன்னேன். நான்கைந்து பறை அடிகளிலேயே மீட்டருக்குள்ளிருந்த ஃப்யூஸ் போய்விட்டது. தவறு என்னுடையதுதான், 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும் பெட்டியை 10 ஆம்பியர் மீட்டர் வழியாக ஓட்டினால் வேறென்ன நடக்கும். ஃப்யூஸே இல்லாத மலிவான மீட்டர்களாக இருந்தால் உள்ளே இருக்கும் தடமே கருகியிருக்கும். இருந்தாலும் அந்த 1.18 வீண் போகவில்லை. பிற்பாடு எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்த எண் அது.

சரியான கருவி ஷண்ட் என்று எல்லோரும் சொல்லும் பித்தளைக் கட்டை. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 50 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் என்று பொறித்த ஷண்ட் கிடைத்தது. 50 ஆம்பியர் அதன் வழியாக ஓடினால் இரு முனைகளுக்கும் இடையே 75 மில்லிவோல்ட் தோன்றும் என்பது பொருள். அதாவது தடை 1.5 மில்லிஓம், 10 ஆம்பியருக்கு 15 மில்லிவோல்ட். மின்னோட்டம் முழுவதும் கட்டை வழியாகப் போக, மல்டிமீட்டர் வெளியே நின்று மில்லிவோல்ட்டை மட்டும் எட்டிப்பார்க்கிறது. இதே 75 மில்லிவோல்ட்டுக்குப் பொருந்தும், 0 முதல் 50 ஆம்பியர் வரை முகப்பில் எழுதிய பழைய முள் மீட்டர் ஒன்றும் திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் அகப்பட்டது. கண்ணாடியில் விரிசல் இருந்தாலும் முள் சுத்தமாக ஓடியது.

ஷண்ட்டை எங்கே வைப்பது என்பதில் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. எர்த் பக்கம் வைத்தால் மீட்டர் முனை கைநழுவி வண்டியின் உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது என்பதால் பலரும் அங்கேதான் வைப்பார்கள். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் ஒரு வழியில் மட்டும் வருவதில்லை. முன்னாலுள்ள செட்டிலிருந்து வரும் ஆடியோ வயரின் மேலுறை வழியாகவும், சில பெட்டிகளில் தகட்டில் இறுக்கிய திருகுகள் வழியாகவும் கொஞ்சம் திரும்பிப் போகும். அந்தப் பங்கு ஷண்ட்டின் கணக்கில் வராது. ஆகவே பாசிட்டிவ் பக்கத்தில், பேட்டரியை ஒட்டியுள்ள ஃப்யூஸைத் தாண்டி வைத்தேன். ஃப்யூஸுக்கு முன்னால் வைத்திருந்தால் என் ஸ்பேனர் ஒருமுறை சறுக்கினாலே பேட்டரி முழு பலத்தையும் காட்டிவிடும்.

இனி முழுச் சுமையில் எத்தனை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். காரின் ஸ்பீக்கர்களை வைத்தே இதைச் செய்தால் ஸ்பீக்கர் கருகும், திருப்பரங்குன்றம் சாலையே திரும்பிப் பார்க்கும். ஸ்பீக்கருக்குப் பதிலாக 4 ஓம் தடை நான்கு வேண்டும், ஒவ்வொன்றும் 60 வாட் சூட்டைத் தாங்க வேண்டும். அத்தகைய பெரிய ரெசிஸ்டர்கள் கடையில் உடனே கிடைக்கவில்லை. அப்போது பட்டறையின் மூலையில் கிடந்த மின் அடுப்புக் காயில் கண்ணில் பட்டது. 230 வோல்ட்டில் 1000 வாட் கொடுக்கும் காயிலின் தடை 230ஐ 230ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53 ஓம். நிக்ரோம் என்பதால் சூட்டுக்கும் குளிருக்கும் தடை பெரிதாக மாறாது. அதைச் சீராக இழுத்துவிட்டுப் பதின்மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் 4 ஓம். நான்கு துண்டுகள் வெட்டினேன். மல்டிமீட்டரின் ஓம் அளவில் மீட்டர் வயரின் தடையே 0.3 ஓம் வரும் என்பதால் அதை நம்பாமல், ஒவ்வொரு துண்டின் வழியாகவும் 1 ஆம்பியரைச் செலுத்தி, முனைகளுக்கிடையே 4.0 வோல்ட் வரும்வரை ஒவ்வொரு சுற்றாகக் கத்தரித்தேன். நிக்ரோமில் ஈயம் ஒட்டாது. பித்தளைக் கனெக்டரில் திருகி முடுக்கத்தான் வேண்டும். நான்கையும் ஒன்றையொன்று தொடாதபடி மரச்சட்டத்தில் கட்டித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கினேன். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் 4 ஓம் கம்பிக்குப் பக்கத்தில் அது கடத்துவது கணக்கில் கொள்ளத்தக்கதல்ல. நான்கு சேனல்களின் நெகட்டிவ் முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். இரண்டு சேனல்களைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் பிரிட்ஜ் வசதிக்காக ஒரு சேனலைத் தலைகீழாக அமைத்திருப்பார்கள், அதில் நெகட்டிவ் என்று எழுதிய முனையில்தான் ஒலி மின்னழுத்தம் இருக்கும்.

கைப்பேசியிலிருந்து 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியைக் கொடுத்தேன். 1000 ஹெர்ட்ஸ் கொடுப்பதுதான் வழக்கம், ஆனால் மலிவான மல்டிமீட்டரின் ஏசி வோல்ட் அளவு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும்போது அலையின் உச்சி எப்போது தட்டையாகிறது என்று பார்க்க அலைகாட்டி வேண்டும், என்னிடம் அது இல்லை. அதற்குப் பதிலாக வெளியீட்டு முனையில் 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு பழைய சிறு ஸ்பீக்கரை ஒட்டுக்கேட்க வைத்தேன். 100 ஹெர்ட்ஸ் சைன் அலை வெறும் முனகலாகத்தான் கேட்கும்; உச்சி வெட்டுப்படத் தொடங்கிய கணத்தில் அதில் வண்டு ரீங்காரம் போல ஒரு கரகரப்புச் சேரும். அந்த இடத்துக்குச் சற்றே கீழே நிறுத்தினேன்.

தம்பியை ஆக்ஸிலேட்டரில் உட்காரவைத்து எஞ்சினை 2000 சுற்றில் ஓடவிட்டு, இருபது விநாடிக்குள் எல்லா எண்களையும் எழுதிக்கொண்டேன். பேட்டரி முனையில் 13.9 வோல்ட். ஆம்ப்ளிஃபயரின் முனையில் 13.1. ஒவ்வொரு சேனலிலும் 15.2 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது வாட் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பயனுறு அளவு. ஷண்ட்டில் 42.6 மில்லிவோல்ட், அதாவது 28.4 ஆம்பியர். 15.2ஐ 15.2ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் ஒரு சேனலுக்கு 58 வாட், நான்குக்கும் 231 வாட். உள்ளே போனது 13.1 × 28.4, அதாவது 372 வாட். செயல்திறன் 62 சதவீதம். நீல ஃப்யூஸைப் பார்த்துப் போட்ட மனக்கணக்கு இத்தனை நெருக்கமாக வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது 21 வோல்ட் உச்சி எப்படி வருகிறது என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. முன்னால் இருக்கும் செட்டுக்குள் அப்படி வருவதில்லை. அங்கே பேட்டரி வோல்ட்டையே நேரடியாகப் பயன்படுத்துவதால் எவ்வளவு திருகினாலும் 4 ஓமில் சேனலுக்கு ஏறத்தாழ 20 வாட்தான். தனி ஆம்ப்ளிஃபயருக்குள் வளையமாகச் சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பேட்டரி மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி அதன் வழியே செலுத்தி உயர்த்தி, இரு பக்கமும் இருபதைத் தாண்டிய வோல்ட்டாக மாற்றிக்கொள்கிறது. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வெட்டும் வேலை நடந்துகொண்டே இருக்கும். சும்மா இருக்கும்போதும் இழுத்த 1.18 ஆம்பியரில் ஒரு பங்கு இதற்குப் போகிறது, மறுபங்கு வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைப் பாதி விழிப்பில் வைத்திருக்கப் போகிறது.

ஆனால் யாரும் காரில் சைன் அலை கேட்பதில்லை. வாளியை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பீக்கர்களைத் திரும்பவும் இணைத்துப் பாட்டுப் போட்டபோது மல்டிமீட்டரின் எண்கள் நிற்காமல் ஓடின. முள் மீட்டர் கொஞ்சம் பரவாயில்லை. முள்ளின் சொந்தச் சோம்பலே ஒரு சராசரியைக் காட்டியது. இன்னும் நிதானமாகப் பார்க்க, ஷண்ட்டுக்கும் மல்டிமீட்டருக்கும் இடையே 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் சேர்த்து ஒரு வடிகட்டி அமைத்தேன். அதன் கால மாறிலி, அதாவது எண் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தின் அளவு, 4.7 விநாடி. அரை நிமிடம் பொறுத்தால் எண் ஓரிடத்தில் அமர்ந்துவிடும். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு வேண்டியது இந்தச் சராசரிதான். நொடிப்பொழுதில் வந்துபோகும் உச்சங்கள் வயருக்கும் ஃப்யூஸுக்கும்தான் கவலை.

தாள வாத்தியம் நிறைந்த இக்காலத்துப் பாட்டு ஒன்றை, கரகரப்பு வராத மிகப் பெரிய ஒலியில் வைத்தபோது 8.1 ஆம்பியர். அதே குமிழ் நிலையில், மெல்லிசையும் இடைவெளிகளும் கூடிய ஒரு பழைய பாட்டு 4.4 தான் இழுத்தது. கோவில் சொற்பொழிவு ஒன்றின் பதிவு 2.8. பேசிக்கொண்டே கேட்கக்கூடிய நடுத்தர ஒலியில் அந்தப் புதுப் பாட்டு 3.4. பயணிகளுக்குக் காத்திருக்கும்போது வைப்பது எவ்வளவு என்று கேட்டதற்கு, "மெதுவாத்தேன் வச்சிருப்பேன்ணே" என்று தம்பி குமிழைத் திருப்பிக் காட்டிய நிலையில் 1.6.

இந்த எண்களை எழுதிவைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1600 வாட் பெட்டி முழு ஒலியிலும் 28 ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழுக்கவில்லை என்பது ஒரு பக்கம். பாட்டில் உச்சங்கள் நொடிப்பொழுதுதான். சராசரி அதற்கு வெகு கீழே கிடக்கிறது, ஆகவே அது புரிகிறது. மறுபக்கம்தான் எனக்குப் புதிது. ஸ்பீக்கர் முனையில் பெரிய ஒலிக்குச் சுமார் 4.7 வோல்ட், மெதுவான ஒலிக்கு 0.3 வோல்ட். வோல்ட் 16 மடங்கு குறைந்தால் வாட் ஏறத்தாழ 250 மடங்கு குறைகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து இழுப்பது 8.1இலிருந்து 1.6க்கு, ஐந்து மடங்குதான் குறைந்தது. இதற்குக் காரணம் இரண்டு. ஏபி வகுப்பில் பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தையொட்டி நடக்கும், வாட்டையொட்டி அல்ல. வாட் கால்பங்கானால் ஆம்பியர் பாதிதான் ஆகும். அதற்கு மேல், சும்மா இருந்தாலும் இழுக்கும் அந்த 1.18 எந்தக் குமிழுக்கும் கட்டுப்படாது. பெரிய ஒலியில் உள்ளே போன 111 வாட்டில் ஸ்பீக்கர்களுக்குப் போனது நான்குக்கும் சேர்த்து 22 வாட் சொச்சம். முழுச் சுமையில் 62 ஆக இருந்த செயல்திறன் இங்கே 20 சதவீதம். மெதுவாக வைத்தால் மிச்சமாகும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை, மிக மெதுவாக வைத்தால் இன்னும் மிச்சமாகும் என்பது ஏறக்குறைய பொய்.

இருந்தாலும் 1.6 ஆம்பியர் மூன்று மணி நேரத்தில் 5 ஆம்பியர் மணியைத் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு; பேட்டரியின் 35 என்ற எண்ணும் இந்த அளவில்தான்) தாண்டாது. அதற்காக ஒரு பேட்டரி படுத்துவிடாது. வேறெதுவோ சேர்ந்து இழுத்திருக்க வேண்டும். தெரிந்தவரிடம் நேர்மின்னோட்டக் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, பேட்டரியின் எர்த் கேபிளைக் கவ்வினேன். இந்த வகை மீட்டரைக் கையில் திருப்பினாலே பூமியின் காந்தப் புலத்துக்கும் அருகிலுள்ள இரும்புக்கும் ஏற்ப எண் நகரும். ஆகவே வைத்து அளக்கப்போகும் அதே கோணத்தில் பிடித்துச் சுழியமாக்கிவிட்டுத்தான் கவ்வ வேண்டும். ஷண்ட்டை இங்கே போடாததற்குக் காரணம், யாராவது மறந்துபோய்ச் சாவியைத் திருகி ஸ்டார்ட்டர் மோட்டாரின் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியரை அதன் வழியாக விட்டுவிடக்கூடும் என்பதுதான்.

காத்திருக்கும்போது என்னென்ன செய்வாய் என்று கேட்டு அப்படியே செய்யச் சொன்னேன். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினான். எஞ்சின் ஓடாமலே டாஷ்போர்டு விளக்குகளும் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து 2.1 ஆம்பியர். செட்டைப் போட்டான், 0.9. ஆம்ப்ளிஃபயர் 1.6. கைப்பேசி சார்ஜர் 0.6. இத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தபோது அவன் இயல்பாகக் கையை நீட்டி ஏசியின் காற்றாடியை இரண்டாம் வேகத்தில் வைத்தான். கிளாம்ப் ஒரே தாவலில் 10.4க்குப் போனது. அந்தக் காற்றாடி மட்டும் 5.2 ஆம்பியர். சாவியை ஏன் ஆன் நிலையில் வைக்கிறாய் என்றால் அதற்கும் அதுதான் விடை. பாட்டுக்கு ஒரு படி முன்னால் உள்ள நிலையே போதும், காற்றாடிக்குப் போதாது. மதுரைச் சித்திரை வெயிலில் கதவடைத்த காரில் காற்றில்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது என்பதை நானும் மறுக்க முடியவில்லை.

அந்தப் பேட்டரிக்கு மூன்றரை வயது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஒருநாள் ஓய்வில் வைத்துவிட்டு, இரண்டு 55 வாட் ஹெட்லைட் பல்புகளை இணைத்து 9 ஆம்பியர் இழுக்கவிட்டேன். காலியாகிவிட்டது என்று கொள்ளும் 10.5 வோல்ட்டுக்கு இறங்க 2 மணி 20 நிமிடம் ஆனது, அதாவது 21 ஆம்பியர் மணி. மேலே எழுதியிருக்கும் 35 என்பது 20 மணி நேரத்துக்கு மெதுவாக 1.75 ஆம்பியர் இழுக்கும் கணக்கு. வேகமாக இழுத்தால் புதுப் பேட்டரியே அதைக் கொடுக்காது, பழையது நிச்சயம் கொடுக்காது. 10.4 ஆம்பியருக்கு 21 ஆம்பியர் மணி, இரண்டு மணி நேரம். அழகர்கோவிலில் அவன் காத்திருந்தது ஏறக்குறைய மூன்று. கணக்கு தீர்ந்தது. சோதனை முடிந்த கையோடு பேட்டரியைத் திரும்பவும் சார்ஜில் போட்டுவிட்டேன். ஈயப் பேட்டரியைக் காலியாக ஓரிரவு விட்டாலும் அதற்குக் கேடு.

பேட்டரியை அதே 35இல் புதிதாக மாற்றினோம், ஆல்டர்னேட்டரைத் தொடவில்லை. ஓடும் வண்டியில் 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 8 ஆம்பியர் ஒரு சுமையே அல்ல. செட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய டிஜிட்டல் வோல்ட் மீட்டரை மாட்டி, நிற்கும்போது 12.2க்குக் கீழே இறங்கினால் எஞ்சினைப் போட்டுவிட வேண்டுமென்று சொன்னேன். காற்றாடிக்கு, சார்ஜரில் ஓடும் தனி மின்விசிறி ஒன்றை அவனே வாங்கிக்கொண்டான்.

வயரைப் பற்றி ஒன்று பாக்கி இருந்தது. 28.4 ஆம்பியரில் பேட்டரிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே 0.8 வோல்ட் எங்கோ தொலைந்திருந்தது. அதில் 0.55 பாசிட்டிவ் வழியில், 0.25 எர்த்தில். பாசிட்டிவ் வயர் 5 மீட்டர் நீளம், 8 கேஜ் என்று எழுதியிருந்தது. நல்ல செம்பாக இருந்தால் அதற்கு 10 மில்லிஓம்தான் தடை வர வேண்டும், 0.55ஐ 28.4ஆல் வகுத்தால் 19 வருகிறது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி ஃப்யூஸ் 60 ஆம்பியர். அதன் பிளாஸ்டிக் கூடு ஒரு முனையில் பழுத்துப் போயிருந்தது, முடுக்காமல் விட்ட திருகுதான் காரணம். பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, பேட்டரியிலிருந்து டிக்கிவரை போகும் வயரை. வழியில் எங்காவது தகட்டில் உரசி அரைகுறையாக எர்த்தானால், 60 ஆம்பியர் ஃப்யூஸ் போகாமலே இந்த அலுமினிய வயர் அளவுக்கு மீறிச் சூடாகிவிடக்கூடும்.

வீட்டு வயரிங் கடையில் 10 சதுர மில்லிமீட்டர் செம்பு நெகிழ் வயர் 5 மீட்டர் வாங்கி, எஞ்சின் அறைக்குள் போகும் பகுதிக்குச் சூடு தாங்கும் உறை மாட்டி, தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வைத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 40 ஆம்பியர் ஃப்யூஸ் பொருத்தினேன். வாளியையும் சைன் அலையையும் மறுபடி எடுத்து அளந்தபோது பாசிட்டிவ் பக்க இழப்பு 0.31 ஆகக் குறைந்திருந்தது. இதனால் பாட்டு பெரிதாகக் கேட்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். சேனலுக்கு இரண்டு மூன்று வாட் கூடியது, காதுக்கு அது தெரியாது.

எர்த் பக்கத்து 0.25 மட்டும் அப்படியே நின்றது. வயர் அரை மீட்டர்தான், குற்றம் அதன் மேல் இருக்க முடியாது. எர்த் வயரை மாட்டியிருந்த பின் இருக்கை போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது வயர் முனையின் வட்டு முழுவதும் பெயிண்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது, திருகின் மரை வழியாக மட்டும்தான் இத்தனை நாளும் எர்த் கிடைத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, முடுக்கி, துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவி மீண்டும் அளந்தேன். 0.06 வோல்ட்.